வெள்ளைக் கல்லை நம்புங்கள்

மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் இளைஞன் ஆற்றிலிருந்து ஏறி வந்து, ஈர மேலங்கியைக் கழற்றி, பிழிந்து, இரண்டு உதறு உதறி, பவளராணியின் இடது தோளில் காயப்போட்டான். போட்ட பிறகு, பாரம் தாங்குமா என்று தோளை இரண்டு தரம் அழுத்தியும் பார்த்தான். தாங்கும் என்று பட்டதும் தன் கயாக் படகின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான். திமிரில் செய்திருந்தால் பவளராணி அந்த அங்கியைச் சுழற்றி ஆற்றில் எறிந்துவிட்டு, அவனையும் அதன் பின்னாலேயே அனுப்பியிருப்பாள். அவளைத் தெரிந்த யாருக்கும் இதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் முகத்தில் திமிர் இல்லை. அவன் கண்ணுக்கு அங்கே ஒரு மொட்டைக் கிளை நின்றது, அவ்வளவுதான். "டேய் தம்பி!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு அக்கரையில் மேய்ந்த மாடு தலை தூக்கிப் பார்த்தது. அவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

பெல்வாரித் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவு லயத்து வரிசை வீடுகளில் அவள் இதைச் சொன்னபோது யாரும் வாயில் கை வைக்கவில்லை. எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. "ஒங்க தோள்லதானே போட்டான், எங்க வீட்டு வாசல் இஸ்தோப்புல நின்னு ஒருத்தி பல்லு வெளக்கி எங்க அண்டாவுல துப்பிட்டுப் போறா" என்றாள் அடுத்த காம்பராக்காரி. மாரியம்மன் கோயில் வாசலை அடைத்துக் கூடாரம் கட்டிய ஒரு கூட்டம், அம்மனுக்கு நேரே காலை நீட்டிப் படுத்து, ஆகா எவ்வளவு அமைதி என்று சொல்லிக்கொண்டிருந்தது. கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற சின்னவேலு பெஞ்சாதி பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தின்றபோது, இரண்டு பேர் வந்து அந்த வட்டத்துக்கு நடுவில் நின்று, நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிக் காட்டைப் படம் எடுத்தார்களாம். சின்னவேலு படத்துக்கு நிற்கிற மாதிரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டது வீண்.

வரைபடத்தில் அந்த ஆற்றுக்கு மாகல் ஓயா என்று பெயர். தோட்டத்து ஆட்கள் அவளைச் சத்தக்காரி என்பார்கள். வெள்ளம் கொண்டுவருவதற்கு முன்னால் சத்தம் கொடுத்துவிட்டு வருகிற நல்ல குணம் ஒரு காலத்தில் அவளுக்கு இருந்தது. மேலே அணை கட்டிய பிறகு அந்தக் குணம் போய்விட்டது; கதவைத் திறந்தால் சத்தமே இல்லாமல் பழுப்பாக உருண்டு வந்துவிடுவாள். ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு காலை, மருந்தடிக்கிற டாங்கியை நடு ஆற்றில் நின்று கழுவிக்கொண்டிருந்த மருதமுத்துவை அப்படித்தான் கொண்டுபோனாள். அணையில் சங்கு ஊதத்தான் செய்தார்கள். அது எஞ்சினியர்மார் குவாட்டர்ஸுக்குக் கேட்டது, அதற்குக் கீழே யாருக்கும் கேட்கவில்லை. மருதமுத்து பவளராணியின் புருசன்.

எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பவளராணி ஒரு தண்டவாளத் துண்டை எங்கிருந்தோ இழுத்து வந்து ஆற்றங்கரைச் சவுக்கு மரத்தில் தொங்கவிட்டாள். மேல் பிரிவிலிருந்து பார்த்தால் அணைக் கதவு தெரியும். கதவு திறந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு அடிக்கிற தப்பை எடுத்துப் பழனியாண்டி அடிப்பார். தப்புச் சத்தம் கேட்டதும் பவளராணி தான் தொங்கவிட்ட கம்பியை அடிப்பாள். கம்பிச் சத்தம் கேட்டதும் ஆற்றில் நிற்கிற மனுசன், மாடு, நாய் எல்லாம் மேட்டுக்கு ஏறிவிடும். தப்புக்கும் தண்ணிக்கும் இடையில் கால் மணி நேரம். இந்த ஆறு வருசத்தில் சத்தக்காரி ஓர் ஆட்டுக்குட்டியைக்கூடக் கொண்டுபோகவில்லை. யாரும் கொடுக்காத வேலையை யாரும் கேட்காமல் செய்தவள் பவளராணி. இனி ஓர் உயிரும் அந்த ஆற்றுக்குக் கிடையாது என்று அவள் தனக்குத் தானே சொல்லியிருந்தாள்.

அந்தக் கம்பியை இப்போது அடித்தால் வந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

காரணம் தெரிய மூன்று வாரம் பிடித்தது. காரணத்தின் பெயர் பிரணவ். அந்த வருசம் மாசி மாதத்தில் சென்னையிலிருந்து முதுகில் ஒரு பையும் தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயாக்குமாக வந்தவன் அவன். வந்த முதல் நாளே கவிழ்ந்து, மூக்கிலும் வாயிலும் தண்ணியோடு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டவனைச் சீலையை வீசி இழுத்துப் போட்டவள் பவளராணிதான். "அக்கா, நாமெல்லாம் ஒண்ணு, ஒரே தமிழ்" என்று நடுக்கத்தோடு சொன்னான். அவள் உருகிப்போனாள். பதினொரு நாள் அவள் காம்பராவில் படுத்தான், அவள் சுட்ட ரொட்டியைத் தின்றான், கட்டச்சம்பல் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான், அவள் மகள் நிரோஷினிக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தான். உயரமான ஆள், வாசல் உத்தரத்தில் நாலு தரம் இடித்துக்கொண்ட பிறகுதான் குனியப் பழகினான். அந்தப் பதினொரு நாளும் லயத்து ஆட்கள் ஆற்றை அவனுக்கு அவிழ்த்துக் கொட்டினார்கள். சீலைக்கிழிச்சான் என்கிற பாய்ச்சலில் இடது கை பக்கமாகப் போனால் சுழி, வலது கை பக்கமாகப் போனால் பிழைப்பு. மூணு மச்சான் என்கிற மூன்று பாறைகளுக்கு நடுவில் தட்டைக்கல், அங்கே இளைப்பாறலாம். அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து நனைத்துக் கணுக்காலில் கட்டு. பச்சைப் பாசியில் கால் வை, கறுப்புப் பாசியில் வைக்காதே. காட்டுக்குள் வழி தவறினால் சின்னவேலு சுண்ணாம்பால் எண் எழுதிய கற்களைப் பிடித்துக்கொண்டு வா, வீடு வந்து சேரும். எல்லாவற்றையும் அவன் ஒரு கொப்பியில் எழுதினான். எழுதும்போது, இது யார் சொன்னது, அவர் பெயர் என்ன, எழுத்து எப்படி என்றெல்லாம் கேட்டான். அதனால்தான் அவர்களுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம்.

புரட்டாசிக் கடைசியில் தபாலில் பிரணவ் எழுதிய ஒரு புத்தகம் வந்தது. 'அந்நிய ஆற்றில் துடுப்பு: நடைமுறைக் குறிப்புகள்.' தண்ணீர் பட்டாலும் நனையாத தாள், அட்டையில் சத்தக்காரியின் படம். தங்கள் ஆறு தமிழில், அச்சில் வந்துவிட்டது என்று கீழ்ப் பிரிவே கூடியது. அப்போது கூடியவர்கள் செய்த பிழையைத் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்: யாரும் அதைத் திறந்து வாசிக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாணி விழா நடந்துகொண்டிருந்தது. புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணியில் ஒன்பது நாள் கிடத்தி, கற்பூரம் காட்டி, பத்தாம் நாள் தமிழில் முதல் பரிசாகப் பவளராணியின் மகளுக்கே கொடுத்தார்கள். பதினைந்து வயது நிரோஷினி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மாவுக்கு உரக்க வாசித்தாள். பவளராணி கொழுந்துக் கூடையின் அறுந்த பட்டியைத் தைத்துக்கொண்டே கேட்டாள். ஹெல்மெட் பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விடு. கவிழ்ந்தால் துடுப்பை விடாதே, மல்லாந்து காலை முன்னே நீட்டி மித. உடுப்பு ஒரு செட் காய்ந்தது வைத்திரு. எல்லாம் நல்ல புத்திதான். பிறகு சீலைக்கிழிச்சான் வந்தது. அதற்கு 'டிராகன்' என்று பெயர் போட்டிருந்தது. மூணு மச்சானுக்கு 'டிரிப்பிள் பாஸ்'. உப்பு முடிச்சை நான் அனுபவத்தில் கண்டுபிடித்தேன் என்று இருந்தது. பவளராணியின் ஊசி நின்றது. பத்தொன்பதாம் பக்கத்தில் நிரோஷினி வாசித்தாள்: "இரு கரைகளிலும் ஆள் நடமாட்டமே கிடையாது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நீங்களும் ஆறும் மட்டுமே. நீரின் ஓசையைத் தவிர வேறு எந்தச் சத்தமும் உங்கள் காதில் விழாது." வாசித்துவிட்டு, "இது பிழைதானே அம்மா?" என்று கேட்கத் தலை நிமிர்ந்தவள், அம்மா இருந்த இடத்தையும் சுவரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் எதிலும் நிலைக்கவில்லை. "அம்மா?" என்றாள். பவளராணி அவள் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருந்தாள்.

கேட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணால் வாசித்தவளுக்குத்தான் ஆயிற்று. பள்ளிக்கூடத்து வாத்தியார் தனபாலன் சேர் வந்து புத்தகத்தைப் பதினெட்டாம் பக்கம் வரை வாசித்து, அதற்கு மேல் துணியாமல் மூடி வைத்தார். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டும் பார்த்தார்கள். வாசித்தது வாசித்ததுதான்.

அதற்குப் பிறகு கீழ்ப் பிரிவு இதோடு வாழப் பழகியது. எதோடும் வாழப் பழகிய சனம்தானே. படகுக்காரர்கள் வரும் பாதையில், "வாசிச்ச ஆளு வருது, வெலகுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லி ஒதுங்கினார்கள். துணி காயப்போடும் கொடிகளை உயர்த்திக் கட்டினார்கள். கிழவர்கள் பாதையோரம் உட்காருவதை விட்டார்கள், மடியில் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று. கணக்கப்பிள்ளை யாரிடமோ அந்தப் புத்தகத்தை வாங்கி வாசித்துவிட்டு, மறுநாள் காலைப் பெரட்டில் நூற்றெண்பது பேருக்கு முன்னால் நின்று, ஒரு நாய்கூட வேலைக்கு வரவில்லை என்று கத்தினார். சரி, வரவில்லை என்றால் வரவில்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் கொழுந்து முற்றி மலை கறுத்துப்போக, தோட்டத்தை நடத்துகிற தொரை பயந்து, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு சிங்களக் கணக்கப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மனுசன் கண்ணுக்கு எல்லோரும் தெரிந்தார்கள், எப்போதும் தெரிகிற அளவுக்கு. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க நகரத்திலிருந்து கிளம்பினார். விசயம் தெரியாமல் பேசக்கூடாதே என்று பஸ்ஸில் வரும்போது புத்தகத்தை வாசித்துக்கொண்டே வந்தார். மைதானத்தில் இறங்கி, இந்த மக்கள் எங்கே போனார்கள் என்று மக்கள் முன்னால் நின்று நாற்பது நிமிசம் கண்ணீர்விட்டுப் பேசிவிட்டுப் போனார். கை தட்டினார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

சிரித்தார்கள், உண்மைதான். பவளராணி சிரிக்கவில்லை. அவள் மகள் காட்டுக்குள் வாழ்ந்துகொண்டிருந்தாள். லயம் இருந்த இடத்தில் அவளுக்கு மரம் தெரிந்தது. கால் பழக்கத்தில் வாசல் வந்து சேருவாள், ஒரு பாறைமேல் ரொட்டி இருக்கும், தின்பாள். அம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தான் எதையோ பிழையாகச் செய்ததால்தான் எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, கூப்பிடுவதையும் நிறுத்தினாள். பவளராணி பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டால், காற்று என்று கையால் முடியை ஒதுக்கினாள். தனபாலன் சேர் கொப்பித் தாளில், உன் தாயார் உன் பக்கத்திலேயே இருக்கிறார் என்று எழுதி அவள் கையில் கிடைக்கும்படி வைத்தார். அதை வாசித்து அழுதாள். ஆனால் அது கையெழுத்து, புத்தகம் அச்சு. அச்சில் உள்ளதுதான் சரி என்று பரீட்சைக்குப் பரீட்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அதே தனபாலன் சேர்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவளுக்கு ஆறுதலாக மிஞ்சியது வெள்ளைக் கற்கள். நாலாம் நம்பர் மலை, ஐந்தாம் நம்பர் மலை என்று பாதை நெடுக நின்ற கற்கள் புத்தகத்தை வாசித்த எல்லோருக்கும் தெரிந்தன. ஏனென்றால் இருபத்துமூன்றாம் பக்கத்தில், "வழி தவறினால் வெள்ளைக் கல்லை நம்புங்கள், யாரோ எழுதிவைத்த அந்த எண்கள் ஒருபோதும் பொய் சொல்வதில்லை" என்று இருந்தது. நிரோஷினி ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டுத்தான் நடந்தாள். அந்த 'யாரோ' சின்னவேலு. முப்பது வருசமாகத் தை மாதம் தொரை கொடுக்கிற சுண்ணாம்பைக் குழைத்துக் கற்களைப் புதுப்பிக்கிறவர். "யாரோவாம்ல, யாரோ" என்று சொல்லிச் சொல்லி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிரணவ் திரும்பி வந்தான், இரண்டு சிநேகிதர்களோடும் மூன்று கயாக்கோடும். ஆட்கள் எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். ஆற்றங்கரையில் துணி துவைக்கப் பவளராணியும், வாளி நிறையக் கெட்டிச் சுண்ணாம்போடு சின்னவேலுவும் மட்டும் இருந்தார்கள். அவன் லயத்தின் வழியாக நடந்து வந்தான். பவளராணி வீட்டு வாசலுக்கு வந்ததும் தலையைக் குனிந்தான். வெட்டவெளியில் நடக்கிறவன், காட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறவன், சரியாக அந்த உத்தரத்துக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தான். அவனைக் கண்டு, துணியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்த பவளராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாவிப்பயல், கண்ணுக்கு மறந்தது கழுத்துக்கு மறக்கவில்லையே!

நிரோஷினி அவனைக் கண்டாள். அவன் கரையில் இருக்கிற ஆள் இல்லையே, அவள் கண்ணுக்கு அவன் தெரிந்தான். மூன்று மாதம் கழித்து அவள் முகத்தில் உயிர் வந்தது. "பிரணவ் அண்ணா! பிரணவ் அண்ணா!" என்று பின்னாலேயே ஓடினாள். அவனுக்கு அவள் தெரியவில்லை. அவன் எழுதிய வரி அவன் கண்ணிலும்தானே இருந்தது. மூன்று பேரும் மூணு மச்சானுக்கு நடுவில் தட்டைக்கல்லில் படகை ஏற்றி வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க, அவள் முழங்கால் தண்ணியில் இறங்கி அங்கே போய் அவன் முன்னால் உட்கார்ந்து, "அண்ணா, நான் நிரோ, எங்க அம்மாவக் காணோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் முட்டைக்கு மிளகு தூவினான்.

அப்போதுதான் மேல் பிரிவில் பழனியாண்டியின் தப்பு கேட்டது.

பவளராணி ஓடிப்போய்க் கம்பியை அடித்தாள். மாடு ஏறியது, நாய் ஏறியது. நாலு பேரும் அசையவில்லை. அடித்த இரும்பை வீசிவிட்டு ஆற்றில் பாய்ந்து தட்டைக்கல்லுக்குப் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். நிரோஷினிக்கு அது ஆற்றின் இழுப்பாகப் பட்டது. பயந்துபோய்க் கல்லை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விரலைப் பிரித்தால் விரல் திரும்பப் போய் ஒட்டியது. கரையிலிருந்து சின்னவேலு, "விடு தாயி, நீயாச்சும் ஏறு, பத்து நிமிசந்தான் இருக்கு" என்று அலறினார். முழங்கால் செத்த மனுசன், அவரால் இறங்க ஏலாது. அவர் கையில் வாளி இருந்தது. பவளராணி அந்த வாளியைப் பார்த்தாள்.

கரைக்கு ஓடி வந்து வாளியைப் பிடுங்கினாள். தொரையுடைய சுண்ணாம்பு அது, கல்லில் எழுதத் தோட்டத்தில் ஒருவருக்குத்தான் உத்தரவு. அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை. வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பப் போய், தட்டைக்கல்லுக்கு நேர் எதிரே ஆள் உயரத்துக்கு நின்ற கறுத்த மச்சான் பாறைமேல், தூரிகை இல்லாமல், கைநிறையச் சுண்ணாம்பை அள்ளி அப்பி எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம் இருந்தது.

தண்ணி வருது. மேலே ஏறு.

முட்டையும் கையுமாகப் பிரணவ் நிமிர்ந்து பார்த்தான். வாய்விட்டு வாசித்தான். வெள்ளைக் கல்லை நம்பச் சொன்னவனே அவன்தானே. மூன்று பேரும் எழுந்து படகைத் தூக்கிக்கொண்டு வலது கரைக்கு ஓடினார்கள். ஓடிய அவன் கால் நிரோஷினியின் பாவாடையில் உரசிக்கொண்டு போயிற்று. அவள் ஓடவில்லை. எழுதுகிற கை இல்லாமல் எழுத்து வருவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பவளராணி கடைசிப் பிடிச் சுண்ணாம்பை அள்ளி, கீழே இன்னும் ஒரு சொல் எழுதினாள்.

அம்மா.

நிரோஷினி அந்தச் சொல்லைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த விரலைப் பார்த்தாள், விரலிலிருந்து வளையலை, வளையலிலிருந்து முழங்கையை, பிறகு மூன்று மாதமாகச் சீவாத தலையோடு ஈரம் சொட்ட நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள். "எங்கம்மா போன?" என்று வீறிட்டுக்கொண்டு வந்து கழுத்தைக் கட்டினாள்.

"நான் எங்கயும் போகலடி" என்றாள் பவளராணி, அவளை இடுப்போடு அள்ளி இழுத்துக்கொண்டே. "ஏறு மொதல்ல."

அவர்கள் மேட்டில் கால் வைத்ததும் சத்தக்காரி சத்தமில்லாமல் வந்து தட்டைக்கல்லை மூடினாள். சாப்பாட்டுப் பொட்டலங்கள் சுழன்றுகொண்டு போயின. பழுப்புத் தண்ணி கறுத்த மச்சானின் இடுப்பு வரை ஏறி, கடைசிச் சொல்லுக்கு ஒரு சாண் கீழே நின்றது. தாயும் மகளும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். நிரோஷினி லயத்தைப் பார்த்தாள், சின்னவேலுவைப் பார்த்தாள், அங்கே பிறந்தவளுக்கு அந்த ஒரு சொல் போதும், எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

பத்தடி தள்ளி மூன்று பேர் கைத்தொலைபேசியில் அந்தப் பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "செம சிஸ்டம்ல மச்சி! யாரோ எழுதி வச்சிருக்காங்க பாரு. செகண்ட் எடிஷன்ல கண்டிப்பா போடணும்" என்றான் பிரணவ். பவளராணியைத் தாண்டி, பாறையைத்தான் பார்த்தான்.

யாரோ!

பவளராணி எழுந்தாள். உயிர் பிழைத்த நன்றியெல்லாம் அவளுக்கு அப்போது இல்லை, கோபம்தான் இருந்தது, ஆறு வருசத்துக் கோபமும் மூன்று மாதத்துக் கோபமும். வாளியின் அடியில் மிஞ்சியதை வழித்து எடுத்துக்கொண்டு போய், அவன் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்த கல்லில், அவன் செருப்பை ஒட்டி எழுதினாள்: பதினொரு நாள் என் வீட்டில் சாப்பிட்டாய். பவளராணி.

அவன் குனிந்து வாசித்தான். நிமிர்ந்தபோது அவள் நின்றாள்.

"அக்கா" என்றான். கல்லிலிருந்து காலை எடுத்தான். "அக்கா, நான்... அதை அழகுக்குத்தான் எழுதினேன். வர்றவங்க எல்லாம் தனிமைதான் தேடி வர்றாங்க. தப்பா நினைச்சு எழுதல அக்கா."

"தனிமை வேணும்னா ஒங்க ஊட்டுக் கதவச் சாத்திக்கங்க. எங்கள எதுக்குச் சாத்துனீங்க?"

அவன் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தான்.

"உப்பு முடிச்சு யாரு சொன்னது? எங்க எதுத்த ஊட்டு அங்கம்மா. சீலைக்கிழிச்சான்ல வலது கைப் பக்கம்னு யாரு சொன்னது? பழனியாண்டி. இந்தக் கல்லெல்லாம் எழுதினது இந்தா நிக்கிறாரு பாருங்க, ஒங்க கண்ணுக்குத் தெரியாது, சின்னவேலு. சொன்னதப் பூராம் எடுத்துக்கிட்டீங்க, சொன்ன வாயை வெட்டிட்டீங்களே தம்பி. எம் புள்ள மூணு மாசமா நான் கெடந்தும் தாயில்லாப் புள்ளயாக் கெடந்துச்சு. என்னா பாவம் பண்ணிச்சு அது? ஒனக்குத் தண்ணி மொண்டு குடுத்துச்சு, அதுதானே?" தம்பி, நீங்க என்று தொடங்கியது எந்த இடத்தில் 'ஒனக்கு' ஆனது என்று அவளுக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள் அவனை 'நீங்க' போடவும் இல்லை.

"புத்தகத்தை மாத்திடறேன் அக்கா. ஊருக்குப் போனதும் மொதல் வேலை."

"ஊருக்குப் போயிச் செய்யிறத அப்புறம் பாப்பம். கல்லுல எழுது. இப்பவே."

சின்னவேலு ஸ்டோரிலிருந்து மூட்டைச் சுண்ணாம்பையே இறக்கினார், தொரை கேட்டால் கேட்கட்டும் என்று. கீழ்ப் பிரிவில் அறுபத்திரண்டு வீடு. கரை நெடுகக் கற்களுக்குப் பஞ்சமில்லை. பவளராணி சொல்லச் சொல்ல அவன் கையால் அள்ளி எழுதினான். அங்கம்மா என்று எழுதி நிமிர்ந்தான். அங்கம்மா மலையிலிருந்து கூடையோடு வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே நின்றிருந்தாள். சின்னவேலு என்று எழுதினான். இத்தனை நேரம் தனக்குச் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தவரைப் பார்த்தான். தெய்வநாயகி, பெரியசாமி, யோகம்மா, அவள் கைக்குழந்தை டிலுக்ஷன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் ஆளாக, வேலை விட்டு வந்து வரிசையில் நின்று, தன் பெயர் வருகிற வரைக்கும் பொறுமையாக இருந்து, வந்ததும் அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. மூணு மச்சானுக்கு மூணு மச்சான் என்றே எழுதவைத்தாள் பவளராணி. எழுத்துப் பிழை விட்ட இடங்களில் நிரோஷினி அழித்துத் திரும்ப எழுதச் சொன்னாள். தமிழில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை. சிநேகிதர்கள் இருவரும் வாளி சுமந்தார்கள். சுண்ணாம்பு அரித்து அவன் உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. பவளராணிக்கும்தான் உரிந்திருந்தது, அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் சாயும்போது சவுக்கு மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். தண்டவாளத் துண்டு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, சீலைக்கிழிச்சான் தொடங்குகிற இடத்தில், தண்ணியை ஒட்டி வழவழப்பான ஒரு கல்.

"மருதமுத்து" என்றாள் பவளராணி.

எழுதினான். இதற்குள் பழக்கமாகிவிட்டது, எழுதி முடித்ததும் நிமிர்ந்து பார்த்தான். யாரும் இல்லை. காத்திருந்தான். மலையிலிருந்து வர நேரமாகும்போல என்று பாதையைப் பார்த்தான். கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். கரையில் நின்ற அறுபத்திரண்டு வீட்டு ஆட்களும் அவன் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்து சரிதானே அக்கா? யாரையும் காணோமே?"

"வரமாட்டாரு" என்றாள் பவளராணி. "கம்பி அடிக்க ஆளில்லாத அன்னிக்குப் போனவரு. அதையும் எழுது."

அவன் வாளிக்குள் கையை விட்டான்.